மஸ்கட்டுக்கு மூன்றரை மணி நேரம்

பெங்களூரிலிருந்து மஸ்கட்டுக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரம்தான் ஆகும், மேடம். கிருஷ்ணகிரியில் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்ச் சேர இதைவிடக் கூடுதலாக ஆகிறது. தூரம் என்று பார்த்தால் இரண்டாயிரத்து முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஆனால் ஆகாயத்தில் டோல்கேட் கிடையாது, சிக்னல் கிடையாது. எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் ஏர்போர்ட் போய்ச் சேருகிற நேரமும் அங்கிருந்து மஸ்கட் போகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இதையெல்லாம் நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் தம்பி அங்கே இருக்கிறான்.

யாரும் புகார் கொடுக்கவில்லையே, நீங்களாக ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். முதலில் இருந்து சொன்னால்தான் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

பெயர் முனிலட்சுமி. குருபரப்பள்ளியில் ஹைவேயை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். அப்பா பெயர் ராமப்பன். நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தக்காளியும் ராகியும் போடுகிற நிலம், மேட்டில் கொஞ்சம் மாமரம். அம்மா சாகும்போது என் தம்பி பிரேம்குமார் கைக்குழந்தை. நான் அப்போதுதான் பெரியவளாகி இருந்தேன். அவனுக்குப் பால் புகட்டியது, கால் கழுவிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கேட்டுக்கு வெளியே மத்தியானம் வரைக்கும் நின்றது எல்லாம் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. யாராவது செய்தாக வேண்டும், நான் இருந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வராமல் இல்லை. சூளகிரிப் பக்கம் ஒரு இடம், காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு இடம். தம்பி பத்தாவது முடிக்கட்டும் என்று நைனா தள்ளிப்போட்டார். பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். அப்புறம் வருவதே நின்றுபோனது. ஓசூரில் ஒரு கம்பெனியில் காருக்கு வயர் கட்டுகிற லைனில் வேலைக்குப் போனேன். விடிகிற நேரத்தில் கம்பெனி பஸ் ஊர் முனைக்கு வரும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சிவப்பு வயர், பச்சை வயர், எது எங்கே போக வேண்டுமோ அங்கே போகும். வேறு மாதிரி ஆகாது.

பிரேம் மெக்கானிக்கல் படித்தான். போச்சம்பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். பிறகு மஸ்கட்டில் பெரிய கட்டடங்களுக்கு ஏ.சி. பராமரிக்கிற ஒரு கம்பெனியில் இடம் கிடைத்தது. போகும்போது ஏர்போர்ட்டில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்னாத்துக்குக்கா அழுவற? மூணரை மணி நேரந்தான். காலையில நெனச்சா சாயந்தரம் களி திங்க வந்துடுவன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. நினைத்தால் வரலாம்தான். அதுதான் கஷ்டமே. அமெரிக்கா போனவர்கள் ஒரு வருஷம் முன்னாடியே டிக்கெட் போட்டு, ஒரு மாசம் லீவு சொல்லி, வந்து உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஊரிலேயே திம்மப்பன் மகன் அப்படித்தான் வருகிறான். பிரேமுக்கு அது தேவைப்படவில்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் எப்போதும் வரவில்லை. உகாதிக்கு வருகிறேன் என்பான். உகாதி போகும். மாரியம்மன் பண்டிகைக்குக் கட்டாயம் என்பான். கூழ் ஊற்றி, கெடா வெட்டி, எல்லாம் முடிந்துவிடும். அவன் இன்னும் தூரமாகப் போயிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பான் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அங்கேயே வேலை பார்க்கிற ஹரிணி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பெங்களூர்க்காரர்கள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நைனாவுக்கு நெஞ்சுவலி வந்த பிறகு நான் வேலையை விட்டேன். இருதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். மாத்திரைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து விளக்கினார். அதில் சின்னதாக, வெள்ளையாக ஒன்று. நீர் மாத்திரை. அது போகாவிட்டால் உடம்பிலிருக்கிற தண்ணீர் வெளியே போகாது, கால் வீங்கும், அப்புறம் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், மூச்சு விட முடியாது என்றார். "இதை மட்டும் விட்டுடாதம்மா. புரியுதா?" என்றார். புரியுது சார் என்றேன். எனக்கு நன்றாகவே புரிந்தது.

முதல் தடவை நடந்தது தெரியாமல் நடந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும். மாங்காய் அறுப்பு நேரம். ஆள் கிடைக்கவில்லை, நானே மரத்தடியில் நின்றேன். மாத்திரை தீர்ந்துபோனதை நைனா என்னிடம் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கால் இரண்டும் தூண் மாதிரி இருக்கிறது. படுக்க முடியாமல் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். பக்கத்து வீட்டு நாகம்மாதான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டாள். கிருஷ்ணகிரி கொண்டுபோனோம். அன்றைக்கு மத்தியானம் பிரேமுக்குச் சொன்னேன். மறுநாள் வந்துவிட்டான்.

அந்த நான்கு நாட்களைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது. நைனா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பிரேம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டான். அவனே முகச்சவரம் செய்துவிட்டான். நான் களி கிண்டி, கொள்ளு கடைந்து வைத்தேன். இரண்டு உருண்டை சாப்பிட்டான். "உன் கை பட்டாத்தான்க்கா களி களியா இருக்குது" என்றான். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, நீ சாப்பிட்டியா என்று கேட்டான். எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்பதில்லை. நைனா கேட்கிறவர் இல்லை.

போவதற்கு முந்தின நாள் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும். சின்னச் சின்ன மஞ்சள் விமானங்கள் உலகம் பூராவும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவன் கிளம்பிப் போன பிறகு நானும் நைனாவும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கோவா தாண்டிக் கடலுக்குமேல் போனபோது நைனா திரையில் விரலை வைத்து, "இதுக்குள்ளயா இருக்கறான்?" என்றார். ஆமாம் நைனா என்றேன். அவர் விரலை எடுக்கவே இல்லை. விரலுக்கு அடியிலிருந்து விமானம் மெதுவாக வெளியே வந்தது.

அவன் இருந்த நான்கு நாளும் நைனாவுக்கு மூச்சு வாங்கவில்லை. நல்ல பசி, நல்ல தூக்கம். போன பிறகு மறுபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தும் அப்படித்தான். அதனால் எனக்கு ஒன்று தெளிவானது. அவருக்கு மருந்து பிரேம்தான். மற்றதெல்லாம் அந்த மருந்து வருகிற வரைக்கும்.

அடுத்த உகாதிக்கும் அவன் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை. போளி சுட்டு வைத்திருந்தேன். நைனா போளியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தார். மறுநாள் காலையில் மாத்திரைகளைக் கையில் எடுத்தபோது அந்தச் சின்ன வெள்ளையை மட்டும் தனியே வைத்துவிட்டேன்.

நான் அவருக்குக் கொடுக்கக் கூடாதது எதையும் கொடுத்ததில்லை, மேடம். இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். எங்கள் நிலத்தின் ஓரத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறோம். தோண்டிப் பார்க்க வேண்டுமென்றால் பார்க்கலாம். அவர் உடம்பில் எதுவும் இருக்காது. இருக்க வேண்டியது இல்லாததுதான் விஷயம்.

மூன்றாம் நாள் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்து அப்படியே நின்றது. பிரேமுக்குப் போன் செய்தேன். நான் பதறவில்லை, குரலை உயர்த்தவில்லை. "போன தடவை மாதிரியே இருக்குது தம்பி" என்று மட்டும் சொன்னேன். வந்துவிட்டான். அவன் ஓசூர் தாண்டியதும் மாத்திரையைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி, ஒரு நாள். அப்புறம் வீட்டில் மூன்று நாள். கெட்ட பழக்கத்தில் விழுந்தவர்கள் சொல்வார்களே, முதல் தடவைதான் கை நடுங்கும் என்று. எனக்கு முதல் தடவையே நடுங்கவில்லை. நல்லது செய்கிற கை எதற்கு நடுங்கும்.

மழைக்காலத்தில் ஒரு தடவை. தை மாசத்தில் ஒரு தடவை. நைனா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்துத்தான் எழுந்தார். அது வயசு என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் மாத்திரையை வாயில் போடும் முன் நைனா உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொடி மாத்திரை எங்க?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு நைனா."

"எப்ப சொன்னாரு?"

"போன தடவை. நீங்க வெளிய உக்காந்திருந்தீங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இருந்ததை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். அவருக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தே சம்மதித்திருக்கிறார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவருக்கும் மகனைப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருக்காதா.

இந்த வருஷம் வெயில் ஏறுகிற நேரத்தில் ஒன்று தவறாகப் போனது. வழக்கம்போலப் போன் செய்தேன், பிரேம் டிக்கெட் போட்டுவிட்டான். நான் நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே ஊசி போட்டதும் அவருக்கு நன்றாகிவிட்டது. நான் போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுக் கேன்டீனுக்குக் காபி வாங்கப் போயிருந்தபோது பிரேம் போன் செய்திருக்கிறான், பக்கத்துப் படுக்கைக்காரர் எடுத்து நைனா காதில் வைத்திருக்கிறார். "நல்லாத்தாண்டா இருக்கறன். வேலையைக் கெடுத்துக்கிட்டு வராத" என்று இவர் சொல்லிவிட்டார். அவன் அங்கே ஏர்போர்ட் வாசலிலிருந்து திரும்பிப் போய்விட்டான். நான் காபியோடு வந்தபோது நைனா சிரித்துக்கொண்டிருந்தார். தன் மகனுக்கு ஒரு உதவி செய்துவிட்ட சந்தோஷம்.

நான் வீட்டில் அவனுக்கென்று கொள்ளு ஊறப் போட்டு வைத்திருந்தேன். அது முளைவிட்டு, நுரைத்து, கடைசியில் மாட்டுக்குப் போனது. அவனுக்குப் போன் செய்து ஒன்றும் சொல்லவில்லை. கோபப்படுகிற சுபாவம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு விஷயம் புரிந்துகொண்டேன். விமானம் கிளம்பிவிட்டால் அவன் திரும்ப முடியாது. அதுவரைக்கும் நைனா ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது.

கடைசித் தடவை ஆடி மாசம். இந்த முறை மாத்திரையைக் கொஞ்சம் கூடுதல் நாள் நிறுத்தி வைத்தேன். வியாழக்கிழமை போன் செய்தேன். பிரேம் கொஞ்சம் தயங்கினான். "போன தடவையும் இப்படித்தான் சொன்னக்கா. வந்து பாத்தா நல்லா இருப்பாரு" என்றான். நான் போனை நைனாவின் வாயருகே பிடித்தேன். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டான். ஐயோ என்றான். மறுநாள் காலை விமானத்தில் ஏறினான்.

ஏறி உட்கார்ந்ததும் செய்தி அனுப்பினான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாயா என்று கேட்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்று பதில் போட்டேன். பிறகு அவன் போன் அணைந்துவிட்டது. ஆப்பைத் திறந்தேன். மஞ்சள் விமானம் கரையை விட்டு நகர்ந்திருந்தது.

இனி அவன் திரும்ப முடியாது. நான் நினைத்தது நடந்துவிட்டது. அப்போது நூத்தியெட்டைக் கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் அதைத்தான் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். கூப்பிட்டிருந்தால் ஐ.சி.யூ.வில் போடுவார்கள். ஐ.சி.யூ.வில் ஒருவரைத்தான் விடுவார்கள், அதுவும் ஐந்து நிமிஷம். செருப்பைக் கழற்றி, பச்சைத் துணி மாட்டி, தூரத்தில் நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் பறந்து வருகிறவன் கண்ணாடி வழியாகவா அப்பாவைப் பார்ப்பான்? வீட்டில், தன் கட்டிலில், மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தது அவ்வளவுதான்.

நைனாவின் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தேன். ஃபேனைக் கூட்டினேன். போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "பாருங்க நைனா, கடலுக்கு மேல வந்துட்டான்" என்றேன். அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வாயில் நுரை கட்டியது, ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

"கூப்பிடு" என்றார்.

சொல்வதற்கு அவருக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு எடுத்தார். பிறகு இன்னொரு தடவை சொன்னார். கையைத் தூக்கி நாகம்மா வீட்டுப் பக்கம் காட்டினார்.

பிரேமைத்தான் கூப்பிடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "வந்துட்டே இருக்கறான் நைனா. கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றேன்.

நாகம்மாவே வந்தாள். மாவு அரைக்கப் போகிற வழியில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். நைனாவைப் பார்த்ததும் கையிலிருந்த பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டாள். "என்னாடி இது, வண்டிக்குச் சொன்னியா இல்லியா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன், சூளகிரி தாண்டி வந்துகொண்டிருக்கிறது என்றேன். அவள் நைனாவின் காலைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி வந்ததும் குரல் கொடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளை நீங்கள் சாட்சியாகப் போட்டுக்கொள்ளலாம். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. என்னை நம்பினாள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் எல்லோரும் என்னை நம்புவார்கள். அப்பனை இப்படிப் பார்த்துக்கொள்கிற மகள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லித் தங்கள் மருமகள்களைத் திட்டுவார்கள்.

விமானம் சரியான நேரத்தில் இறங்கியது. நான் கணக்கில் தவறவில்லை. ஆகாயத்தை நம்பலாம், மேடம். ரோட்டைத்தான் நம்ப முடியாது. ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி பிடித்து வருகிறவன் ஹெப்பாளத்தில் நெரிசலில் நின்றான், சில்க் போர்டு சிக்னலில் நின்றான். வெள்ளிக்கிழமை வேறு. "எந்த ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டான். வீட்டிலேயே இருக்கிறார், வீட்டுக்கு வா என்றேன். ஏன் என்று கத்தினான். உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்கிறார் தம்பி என்றேன். அழத் தொடங்கிவிட்டான். நைனா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சொல்லக்கூடியவர்தான்.

அத்திப்பள்ளி டோல்கேட்டில் நிற்கிறேன், முன்னால் எல்லாம் லாரி, வண்டி நகரவே இல்லை என்று அடுத்த போன். அப்போது நைனாவின் மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நான் மாத்திரையை எடுத்து வந்து நுணுக்கித் தண்ணீரில் கலக்கி வாயில் விட்டேன். உதட்டோரமாக வழிந்துவிட்டது. மறுபடி கொஞ்சம் விட்டேன். அதுவும் வழிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை குளிர்ந்திருந்தது, ஆனால் பிடி இருந்தது. பிறகு பிடியும் இல்லை.

பிரேம் வந்தபோது வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். நைனாவின் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அப்புறம் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். பெரியவனான பிறகு அவன் என்னை அப்படிக் கட்டிக்கொண்டதே இல்லை. "நீ இல்லன்னா நைனா எப்பவோ போயிருப்பாருக்கா" என்று என் தோளில் சொன்னான். சட்டையில் விமானத்துக்குள் அடிக்கிற ஒரு மாதிரி வாசனை இருந்தது.

மகன் முன்னால் நின்று அடக்கம் செய்தால் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை ஊரை விட்டுப் போகக் கூடாது. எங்கள் பக்கம் அது கட்டுப்பாடு. கம்பெனியிலும் ஒன்றும் சொல்லவில்லை, சாவு லீவு. ஹரிணி மூன்றாம் நாள் பாலுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனாள். பிறகு வீட்டில் நானும் அவனும்தான். காலையில் அவனுக்கு வெந்நீர் வைத்தேன். ராகி ரொட்டி, முருங்கைக் கீரை, கொள்ளு, பச்சைப்புளி ரசம், அவனுக்குச் சின்ன வயதில் பிடித்தது ஒவ்வொன்றாகச் செய்தேன். மொட்டைத் தலையோடு அவன் உட்கார்ந்து சாப்பிடும்போது மூன்று வயதில் முடியிறக்கிக் கூட்டி வந்தது போலவே இருந்தது. மத்தியானம் பாயில் தூங்குவான். நான் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வேன். ஹைவேயில் லாரிகள் போகிற சத்தம் கேட்கும். நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் தப்பாக நினைப்பீர்கள். நிம்மதியாக இருந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் அவன் பை கட்டினான். கட்டிக்கொண்டே பேசினான்.

"நீ இனிமே உன்னைப் பாத்துக்கக்கா. இத்தனை நாளு நைனாவுக்காக இருந்துட்ட. மறுபடி ஏதாவது கம்பெனிக்குப் போ. நாலு பேரைப் பாத்தா மனசுக்கு நல்லா இருக்கும்."

"நீ எப்ப வர்ற?"

"இனிமே அவசரம்னு ஒண்ணும் இல்லயே. பாத்து வர்றன். இத்தனை நாளா உன் போன் வந்தாலே எனக்கு உயிர் போயி உயிர் வரும். இப்ப அந்தப் பயம் இல்ல."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். டாக்ஸி ஹைவேயில் ஏறித் திரும்புகிறவரை நின்று பார்த்தேன். அந்த முறை ஆப்பைத் திறக்கவில்லை.

முதலில் தினமும் பேசினான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேசினான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நான் பேசினேன். கம்பெனிக்குப் போகலாம் என்று ஓசூர் போய்க் கேட்டேன். என் வயதைக் கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வீட்டில் அடுப்பு மூட்டுவதே குறைந்துவிட்டது. ஒருத்திக்குக் களி கிண்டினால் அளவு வருவதில்லை. போன மாசம் எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று அவனிடம் சொன்னேன். கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, பொய் இல்லை. ரொம்ப வருத்தப்பட்டான். அன்றைக்குச் சாயந்தரமே ஒருவர் பைக்கில் வந்து ஒரு பையைக் கொடுத்தார். மாத்திரை, குளுக்கோஸ், பிரெட். மஸ்கட்டிலிருந்தே போனில் ஆர்டர் போட்டிருக்கிறான். இப்போதெல்லாம் அப்படி வசதி இருக்கிறது. அதற்கு விமானம்கூட வேண்டியதில்லை.

அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் எனக்கு என்ன ஆனாலும் இப்படி ஒரு பைதான் வரும் என்று தெரிந்துவிட்டது.

அதன் பிறகுதான் மனசு உறுத்த ஆரம்பித்தது. நைனாவுக்கு நான் செய்தது பாவம், யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாகவே வந்தேன், மேடம். மனசாட்சிதான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ராமப்பனை அவர் மகள் முனிலட்சுமி கொன்றாள். தெரிந்தே கொன்றாள். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

தம்பி நம்பர் இதுதான். நீங்களே பேசிச் சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டான். அவனும் ஒரு முக்கியமான சாட்சி இல்லையா. முதலில் விசாரணைக்கு, அப்புறம் கோர்ட் தேதி போடுகிறபோதெல்லாம், அவன் கிருஷ்ணகிரிக்கு வந்துதானே ஆக வேண்டும். இந்த மாதிரி கேஸ் வருஷக்கணக்கில் நடக்கும் என்று சொல்கிறார்கள். எனக்கு அவசரம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அங்கிருந்தே வீடியோவில் சாட்சி சொல்லலாம் என்று பேப்பரில் பார்த்தேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், மேடம்.